கிளவுஸ் அண்ணன் துப்பாக்கியில் என் கட்டைவிரல்

ஒரகடத்தில் வெறுங்கையால் இரும்பைத் தொட்டவனைக் கொலைகாரனாகப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் கிளவுஸ் அண்ணன்தான். நாங்கள் வேலை பார்த்த கம்பெனியில் இரும்புத் தண்டுகளை எண்ணெயில் முக்கிப் பெட்டியில் அடுக்குவது அவர் வேலை. எவனாவது கையுறை இல்லாமல் தொட்டால் போதும். "வேர்வையில உப்பு கீதுடா! நாளைக்கு உன் ரேகை துருவா நிக்கும்!" என்று கத்துவதில் லைனே நின்றுவிடும். டீ கிளாஸையும் கையுறையோடுதான் பிடிப்பார்.

வீட்டில் இன்னும் மோசம். பென்னலூரில் மிஞ்சிய அரை ஏக்கர் வேர்க்கடலையைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பாற்ற, லைசென்ஸோடு ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். குழல்வாய் வழியே மருந்து அடைத்துச் சுடும் பழைய வகை. குழலுக்குச் சாயமே கிடையாது, வெறும் இரும்பு. தேன்மெழுகைத் தேங்காய் எண்ணெயில் உருக்கி ஞாயிறுதோறும் பூசுவார். "என் தலைக்கு ஒருநா எண்ணெய் வெச்சிருக்குமா இந்தாளு?" என்பார் அவர் மனைவி.

தேர்தல் வந்தது. துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பழைய மெழுகைத் துடைத்துவிட்டு, புது மெழுகு உருக்க அண்ணன் உள்ளே போனார். அந்த நேரம் பார்த்து, அவர் வீட்டுக்குப் போயிருந்த நான் மிக்ஸர் தின்ற கையோடு குழலைத் தூக்கிப் பார்த்துத் தொலைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்த குழலில் அழகாக ஒரு கட்டைவிரல் ரேகை, துருவில். முதலில் ஸ்டேஷன் ஏட்டையாவிடம் சண்டைக்குப் போனார். அவர் விரல் பொருந்தவில்லை. அடுத்து ஸ்டாம்ப் பேடோடு, கம்பெனிப் பையன்கள் தங்கியிருந்த எங்கள் ரூமுக்கே வந்துவிட்டார். மூன்றாவது ஆளாக நான் மாட்டினேன்.

"நீயா தம்பி?"

அவ்வளவுதான். கத்தாமல் ஸ்டாம்ப் பேடை மூடிக்கொண்டு கிளம்பினார். அடுத்த வாரம் லைசென்ஸ் புதுப்பிக்க ஆபீஸர் துப்பாக்கியைப் பார்ப்பார். துருவைக் கண்டால் அதையே சாக்காக வைத்துப் பிடுங்கிவிடுவார்கள் என்று அண்ணனுக்குப் பயம்.

துருவைத் தேய்த்தெடுக்க எமரித்தாளோடு ஓடினேன். "நா பாத்துக்கறேன். நீ ஊருக்குப் போற வழியப் பாரு" என்று திருப்பி அனுப்பினார். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டு நான் திருநெல்வேலிக்குத் திரும்புவதாக இருந்தது.

மனசு கேட்காமல் ஆபீஸுக்குக் கூடவே போனேன். குழல் பளபளவென்று இருந்தது. நடுவில் என் ரேகை மட்டும் கருப்பாக அப்படியே!

"இன்னாய்யா இது, துருவா?"

"துருவ நிறுத்திட்டேன் சார், இனிமே பரவாது. இது வெறும் கறை. தேய்ச்சா அரை நிமிசத்துல பூடும். நாந்தான் வுட்டு வெச்சேன். நம்ம தம்பி கை சார். ஊருக்குப் போறான்."

ஆபீஸர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். கைக்குட்டையால் பிடித்துத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அண்ணன் கையுறையைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் வரும்வரை விடவே இல்லை.