கேர்ளில் அழுத்தாதே!

மைசூர் சமஸ்தானத்தில் இங்கிலீஷுக்குக் காவல் இருந்த ஒரே மனிதர் எங்கள் ஹாஸ்டல் 'அழுத்தம்'தான். பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. ஒரு வார்த்தையில் எந்த இடத்தை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதற்காக உயிரையே விடுவார். மற்றவர்கள் உயிரையும் வாங்குவார். கணக்குப் பரீட்சை அவரை வருஷா வருஷம் கவிழ்த்தது. இங்கிலீஷில் அவரை அசைக்க ஆளில்லை.

ஆண்டு விழாவுக்கு வந்த ஓய்வுபெற்ற ஜட்ஜ் ஒருவர், "உங்களை ஒருநாளும் டெசர்ட் செய்ய மாட்டேன்" என்று இங்கிலீஷில் முழங்கினார். முழங்கிய வேகத்தில் முன்பாதியை அழுத்திவிட்டார். கைதட்டலுக்கு நடுவே நம்மவர் எழுந்தார்.

"ஸார், கைவிடறதுன்னா பின்பாதியை அழுத்தணும். இப்போ நீங்க சொன்னது பாலைவனம்!"

தண்டனையாக வார்டன் அவருக்கு நெய்யை நிறுத்தினார். "நெய் போனாப் போறது, பாஷை பிழைச்சுதே" என்று ரசத்தைப் பிசைந்து சாப்பிட்டார் மனிதர்.

அடுத்து என் பாடு திண்டாட்டமாயிற்று. கூடப் படித்த கமலாவோடு குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நான் நடந்ததை யாரோ வார்டனிடம் வத்தி வைத்துவிட்டார்கள். காதல் என்று தெரிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். படிப்பும் அதோடு சரி. வார்டனிடம் இங்கிலீஷில்தான் பதில் சொல்ல வேண்டும். அழுத்தம் எனக்குப் பாடம் நடத்தினார்.

"கேர்ள் ஃப்ரெண்ட்னு சொல்றச்சே கேர்ளை அழுத்தினா காதலி. ஃப்ரெண்டை அழுத்தினா பொண்ணாப் பொறந்த சிநேகிதி, அவ்வளவுதான். கொத்தாய்த்தா, புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"எங்கே, சொல்லு."

சொன்னேன். சபாஷ் போட்டார். எனக்குத் துணையாக வார்டன் அறைக்கும் வந்தார்.

"ஏனப்பா, யார் அந்தப் பொண்ணு?" என்றார் வார்டன்.

"ஷி இஸ் மை..." என்று ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து கமலாவின் முகம் நினைவுக்கு வந்து தொலைத்தது. நாக்கு 'கேர்ளி'ல் போய்ச் சாய்ந்து படுத்துக்கொண்டது; 'ஃப்ரெண்ட்' வெறும் காற்றாகப் போயிற்று.

அழுத்தத்தின் உபதேசம் வார்டனையும் விட்டுவைத்ததில்லை; எதை அழுத்தினால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் அத்துபடி. நல்லவேளை, அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"இதுல நீர்தானே புலி? எதைய்யா அழுத்தினான்?" என்று அழுத்தத்தைக் கேட்டார்.

அழுத்தம் என்னை ஒரு முறை முறைத்தார்.

"ஃப்ரெண்டைத்தான் ஸார். சுத்தமான உச்சரிப்பு."

"அப்போ சரி, போங்கோ."

வெளியே வந்ததும் அழுத்தம் என் முதுகில் ஒன்று வைத்தார். "மடையா! அதை வார்டன்கிட்டயா சொல்லுவா? அவகிட்டப் போய்ச் சொல்லுடா!"

போய்ச் சொன்னேன். கமலாவும் சரியென்றாள். அந்தச் செய்தியோடு நான் ஓடிவந்தபோது, அழுத்தம் சாப்பாட்டைத் தொடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பொய் சொன்னதற்காக அல்ல, பிழையைச் சரியென்று சொன்னதற்காக.

அவர் ஆயுளிலேயே மன்னித்த ஒரே உச்சரிப்புப் பிழை என்னுடையது. அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு.