எழுந்திருக்கும் காட்சி

பொம்மியின் கிழவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சிக்கலே அதுதான்.

"இவர் எழுந்திருக்கலைம்மா, பறக்கறார்," என்றார் அனிமேஷன் மாஸ்டர், கணினித் திரையைத் தட்டி. "இன்னும் கொஞ்சம் விட்டா கூரையில முட்டிக்குவார். உடம்புல எடையே இல்ல."

"எடையை எப்படி சார் வரையறது?"

"நிஜ மனுஷன் எழுந்திரிக்கறதை வீடியோ எடு. அதைப் பாத்து வரை."

கல்லூரியின் கடைசி வருடத்துக்கான குறும்படம் அது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள், கிழவர் எழுந்து போய்த் திறக்கிறார். அவ்வளவுதான் கதை. கிழவர் தேறினால்தான் பொம்மி தேறுவாள்.

வீட்டில் கிழவர் யாரும் கைவசம் இல்லை. இருப்பதில் மூத்தவர் அப்பா. பார்சல் ஆபீசில் கவுண்டர் வேலை, தலையில் பாதி நரை. ஆனால் அவர் சோபாவை விட்டு எழும் அழகுக்கு முன்னால் தொண்ணூறு வயதுக்காரர் பிச்சை வாங்க வேண்டும். முதலில் இரண்டு கையும் முட்டிமேல் போகும். பாதி வழியில் ஒரு நிறுத்தம். எழுவதா வேண்டாமா என்று உடம்பின் உறுப்புகளெல்லாம் கூடி ஓட்டெடுப்பு நடத்தும். முடிவு சாதகமாக வந்தால், துறைமுகத்தை விட்டுக் கப்பல் நகர்வது போல மெல்லக் கிளம்புவார்.

சொல்லிவிட்டுப் படம் எடுக்க முடியாது. கேமரா என்றாலே அப்பா விறைத்துப்போவார். கல்யாண ஆல்பம் முழுக்க, யாரோ துப்பாக்கி நீட்டிக்கொண்டிருப்பது போலத்தான் நிற்கிறார். அதனால் பொம்மி செல்போனை அலமாரியில் அகராதிகளுக்கு நடுவே செருகினாள். டி.வி. ரிமோட்டைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

"ரிமோட் ஏன் அங்க போச்சு?"

"தெரியலையேப்பா."

அப்பா எழுந்தார். கப்பல் நகர்ந்தது. அகராதிகளுக்கு நடுவிலிருந்து செல்போன் அதை விழுங்கிக்கொண்டது.

"பரவால்ல," என்றார் மாஸ்டர். "பக்கவாட்டுல எடுத்தது இருக்கா?"

மறுநாள் செல்போன் ஜன்னல் திரைக்குப் பின்னால் போனது.

"அப்பா, வாசல்ல யாரோ கூப்பிட்ட மாதிரி இல்ல?"

வாசலில் ஈ காக்கை இல்லை.

"பின்னாலேர்ந்து?" என்றார் மாஸ்டர்.

செல்போன் ஃப்ரிட்ஜ் தலைமேல் ஏறியது. அந்த வாரம் அப்பா ஆளில்லாத வாசலுக்கு அத்தனை தடவை போனார். எதிர்வீட்டுக்காரர், தன்னைப் பார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்துக் கையசைக்கவே ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம்தான் முனகல் தொடங்கியது.

முதலில் லேசாக ஒரு "ஹ்ம்". பிறகு "ஸ்ஸ்ஸ்". சில நாளில் அது "அ... ம்மா... டீ..." என்று மூன்று தவணையில் வந்தது. ஒரு கை இடுப்புக்குப் போனது. கண் தானாக மூடிக்கொண்டது. உதடு கோணியது.

"என்னங்க, முட்டி வலிக்குதா?" என்றாள் அம்மா சமையலறையிலிருந்து.

"வயசாகுதில்ல," என்றார் அப்பா.

அப்பாவை எத்தனை தடவை எழுப்பினோம் என்று பொம்மி எண்ணிப் பார்த்தாள். ஒரு படத்துக்காகப் பெற்ற தகப்பனின் முட்டியைத் தேய்த்துவிட்டோமே!

உடனே பரிகாரத்தில் இறங்கினாள். செல்போனை எடுத்துப் பையில் போட்டாள். ரிமோட்டை அப்பா மடியிலேயே வைத்தாள். அதைச் சோபாவில் எறிந்துவிட்டு அவர் எழுந்து போய் டி.வி.யின் பொத்தானை அழுத்தினார். தண்ணீர் கொண்டுவந்தாள். "இருக்கட்டும்மா, நானே எழுந்து போறேன்." சோபாமேல் மெத்தை போட்டு உயர்த்தினாள். அப்பா அதில் புதைந்துபோனார்; வெளியே வருவதற்குள் முனகல் ஐந்து தவணையாகியிருந்தது. தைலம் வாங்கித் தந்தாள். வீடே ஆஸ்பத்திரி வார்டு மாதிரி மணந்தது.

"டாக்டர்கிட்ட போலாம்ப்பா."

"அதெல்லாம் எதுக்கு? உன் படம் முடியட்டும்."

இதைவிட மோசம், எழுந்து நின்றதும் அவர் அலமாரியை ஒரு பார்வை பார்த்துப் பெருமூச்சு விட்டதுதான். அங்கே அவர் வாலிபத்தில் சைக்கிள் பந்தயத்தில் வாங்கிய கோப்பை இருந்தது. பொம்மி அறைக்குள் போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

படமென்னவோ அமர்க்களமாக வந்துவிட்டது. வகுப்பில் போட்டுக் காட்டியபோது கிழவர் எடையோடு எழுந்தார். எலும்பெல்லாம் சத்தம் போட எழுந்தார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

"ஏய், அந்த இடுப்பைப் பிடிக்கற இடத்தை மறுபடி போடு!"

"யாருடீ அது, உங்க தாத்தாவா?"

ஒருத்தி முன்னால் வந்து அப்படியே முனகிக் காட்டினாள். ஜன்னல் கண்ணாடி அதிரும் சிரிப்பு. மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதாம்மா எடை!" என்றார்.

பொம்மிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இதே படம் பெற்றோர்கள் முன்னால் பெரிய திரையில் ஓடப்போகிறது. அப்பாவும் வந்து உட்காரப்போகிறார். அவருடைய வலியைப் பார்த்து ஊரே சிரிக்க, அந்தக் கூட்டத்தின் நடுவில் அவர் சிரிக்கவும் முடியாமல் எழவும் முடியாமல் இருப்பார்.

அன்றே கிழவரை அழித்தாள். முட்டி, இடுப்பு, கோணிய உதடு எல்லாம் போயிற்று. மிஞ்சியது நாற்காலி மட்டும். கதவு தட்டப்பட்டதும் அந்தக் காலி நாற்காலியே நான்கு காலால் டக் டக்கென்று நடந்து போய்க் கதவைத் திறக்கும்படி வரைந்து முடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் மாஸ்டர் மனசே இல்லாமல். "ஆனா அந்தக் கிழவர் உயிரோட இருந்தார்ம்மா."

"மார்க் குறைஞ்சா குறையட்டும் சார்."

சொன்னபோது தான் வளர்ந்துவிட்டதாகத் தோன்றியது அவளுக்கு. முதல் தடவையாக, படத்தைவிடப் பெரிதாக ஒன்று கண்ணுக்குத் தெரிந்திருக்கிறதே!

திரையிடும் நாளில் அப்பா இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையில் வந்தார். தலைக்கு மை அடித்திருந்தார். பின்னாலேயே பார்சல் ஆபீஸ் மொத்தமும் வந்து ஒரு வரிசையை நிரப்பியது. அன்றைக்கு எந்தப் பார்சலும் எங்கும் போயிருக்காது.

விளக்கணைந்தது. கதவு தட்டப்பட்டது. நாற்காலி நடந்தது. கைதட்டல்.

அப்பாவும் தட்டினார். பெயர்களெல்லாம் ஓடி முடிந்து திரை வெள்ளையான பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார், முட்டியில் கை வைக்காமல், முனகாமல், ஒரே மூச்சில். "நல்லா இருந்துதும்மா," என்று அவள் தலையைத் தொட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே நடந்தார்.

தைலம் வேலை செய்திருக்கிறது என்று பொம்மி நிம்மதியாக மூச்சு விட்டபோது, ஆபீஸ் வரிசையிலிருந்து சீல் குத்தும் ஊழியர் அவள் பக்கம் சாய்ந்தார்.

"ஏம்மா, உங்கப்பா வர்ற சீனை வெட்டிட்டாங்களா? தினம் சாப்பாட்டு நேரத்துல எங்களை வரிசையா உக்கார வெச்சு, 'பொண்ணு ஒளிஞ்சு ஒளிஞ்சு படம் பிடிக்குது, இந்த முனகல் போதுமா, இன்னும் கொஞ்சம் வேணுமா'ன்னு எழுந்து எழுந்து காட்டினாரே!"