சிங்கப்பூருக்கு ஆறரை மணி நேரம்

முப்பத்தோரு வருஷம் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்ற சந்தனராஜ் வாத்தியார் தரையை விட்டு எழும்பிய அதிகபட்ச உயரம், ஆவூர் வீட்டு மொட்டை மாடி. அங்கேயும் கைப்பிடிச் சுவர் பக்கம் போக மாட்டார். அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவர் விமானத்துக்குப் பயப்படுகிறார் என்று வெளியே சொல்ல முடியுமா? மனைவி அருள்ராணியிடம்கூடச் சொன்னதில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் மகள் பிரின்சிக்குத் தலைப்பிரசவம் நெருங்கியது. வாத்தியாருக்கு ஒரு கண்டம் வந்தது. எந்த வரைபடத்திலும் இல்லாத கண்டம்.

"என்னங்க, பிரின்சி நம்ம ரெண்டு பேரையும் வரச் சொல்றா. திருச்சியில ஏறுனா எவ்வளவு நேரம் ஆகும்?"

சுமார் மூவாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரம். இதைச் சொல்ல வாத்தியாருக்கு வாய் வரவில்லை. கைப்பேசியில் நேர அட்டவணையைக் காட்டினார்.

"நீயே பாரு. மத்தியானம் ஒரு மணிக்குக் கெளம்புது. ஏழரைக்குப் போய்ச் சேருது. ஆறரை மணி நேரம்!"

அந்த ஏழரை, சிங்கப்பூர்க் கடிகாரத்தின் ஏழரை. அது நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. இது பொய்யில்லை, பாடத்தில் பாதியை விட்டுவிட்டேன், அவ்வளவுதான் என்று மனசாட்சிக்குச் சமாதானம் சொன்னார்.

"ஆத்தாடி! ஆறரை மணி நேரமா?"

"ஒன் முழங்கால் என்னத்துக்கு ஆகும், ராணி? பிள்ளை பெறந்து நடக்க ஆரம்பிச்சதும் அவுகளே இங்கிட்டு வரட்டும்."

அருள்ராணி கைப்பேசியை அவரிடமே திருப்பி நீட்டினாள்.

"என் முழங்காலை விடுங்க. ஒங்க இடுப்பு? கீரமங்கலம் கல்யாணத்துக்கு ரெண்டு மணி நேரம் பஸ்ல உக்காந்ததுக்கே மூணு நாள் படுத்தீங்க."

"அது... அந்த சீட்டு சரியில்ல."

"ஆறரை மணி நேரம் ஒங்களுக்குத் தாங்காதுங்க. நான் மட்டும் போயிட்டு வாரேன்."

"தனியாவா?"

"பின்ன, பிள்ளை பெத்தவளுக்குப் பத்தியச் சோறு நீங்களா ஆக்கிப் போடுவீங்க?"

மறுவாரமே பறந்துவிட்டாள். பாஸ்போர்ட் எப்போது எடுத்தாள் என்பது வாத்தியாருக்கு இன்றுவரை தெரியாது.

பேரன் பிறந்தான். வீடியோவில் காட்டினார்கள். சிக்னல் சரியில்லை. குழந்தை கொட்டாவி விட்டது. பாதிக் கொட்டாவி ஆவூருக்கு வந்தது, மீதி சிங்கப்பூரிலேயே நின்றுவிட்டது. பிறந்த குழந்தையின் உள்ளங்கால் வாசனையை எந்தக் கைப்பேசியும் அனுப்புவதில்லை. பள்ளிக்கூட உலகப் படத்தில் ஒரு சாண்கூட இல்லாத தூரம். ஒரு பயத்துக்காக அதைக் கடக்காமல் போனோமே என்று தனியாகப் பொங்கிய குழைந்த சோற்றின் முன்னால் உட்கார்ந்து வருந்தினார். அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம். மனதைத் திடப்படுத்திக்கொண்டு மனைவிக்குப் போன் போட்டார்.

"ராணி, ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். ஆறரை இல்ல, நாலு மணி நேரந்தான். எனக்குப் பிளேன்னா பயம், அதான் மறைச்சுட்டேன். பரவால்ல, கண்ணை மூடிக்கிட்டு ஏறிடுறேன்."

"நாலு மணி நேரம்னு எனக்குத் தெரியும்ங்க. அஞ்சு வருஷமா மக வேலைக்குக் கெளம்புறதுக்கு முந்தி அந்த ஊரு நேரம் பாத்துத் தெனமும் போன் பண்றவ நான்."

"தெரிஞ்சுமா என்னைய விட்டுட்டுப் போன?"

"நீங்க வந்தா தொட்டிலை வடக்க திருப்பு, தெக்க திருப்புன்னு பாடம் எடுப்பீங்க. பச்சை ஒடம்புக்காரி நிம்மதியா இருக்க வேணாமா? பேசாம அங்கயே இருங்க."

"நான் மட்டும் அன்னைக்கு உண்மையைச் சொல்லியிருந்தா?"

"நான் எட்டு மணி நேரம்னு சொல்லியிருப்பேன்."