கிராம்புத் தைலமும் கைப்பக்குவமும்

"இனிமேல் ஒரு பூச்சியைக்கூட என் கையால் தொடமாட்டேன்!"

கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் அந்த மனிதர் மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். வீரம் பொங்கியது. மனைவி குளிக்கப் போயிருந்ததும் அந்த வீரத்துக்கு ஒரு காரணம்.

அவர் பாடு அப்படி. மொட்டைமாடியில் மிளகாய்ச் செடி முழுக்க அசுவினிப் பூச்சி. "கடையில நுணுக்கமா வேலை பார்க்கிற கைதானே?" என்று மனைவி கேட்டதோடு சரி, போயிற்று ஞாயிற்றுக்கிழமை. வாராவாரம் லென்ஸைக் கண்ணில் மாட்டி, இடுக்கியால் இலை இலையாகப் பூச்சி பொறுக்கி, அவர் கழுத்து நின்றுபோன கடிகார முள் மாதிரி ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது.

கிராம்புத் தைலம் வாங்கினார். எலுமிச்சைப்புல் தைலம் வாங்கினார். தண்ணீரோடு சேரட்டும் என்று கொஞ்சம் சோப்பும் கரைத்துக் குலுக்கினார். வீடே பல் டாக்டர் கிளினிக் மாதிரி மணத்தது.

"என்னங்க, யாருக்குப் பல்வலி?"

"பூச்சிக்கு! எல்லாம் செடியிலேர்ந்து எடுத்தது. ஆனா நீ தொட்டுடாதே. ஒரு சொட்டு கூடினா இலை கருகிடும், குறைஞ்சா பூச்சி சிரிக்கும். இதுக்கெல்லாம் கைப்பக்குவம் வேணும்!"

"அப்படியா!" மனைவி கண்களை அகல விரித்தாள். அந்த அகலத்தைப் பார்த்தாவது அவர் உஷாராகியிருக்கலாம்.

வெயில் தாழ்ந்ததும் அடித்தார். காலையில் அசுவினிப் பட்டாளம் காலி! மனிதர் தொட்டிகளைச் சுற்றி ஓர் ஆட்டமே ஆடிவிட்டார். அடுத்த ஞாயிறு, ராஜா மாதிரி காலை நீட்டிப் படுத்தார்.

"என்னங்க, மறுபடியும் பூச்சி."

"எப்படி?"

"வாசனை பறந்துபோச்சு. பூச்சி பறந்து வந்துடுச்சு. தைலம் காத்துல போயிடுமாம், அடிக்கடி அடிக்கணுமாம்."

"அப்ப நீயே அடிச்சுடேன். ரொம்ப சுலபம்."

"அய்யய்யோ! ஒரு சொட்டு கூடினா கருகிடுமே! எனக்கேது கைப்பக்குவம்?"

தன் வாயே தனக்கு எதிரி என்று முனகிக்கொண்டு அவர் பாட்டிலைக் குலுக்கும்போது வாசல் மணி அடித்தது. திறந்தால், இடுப்பில் கத்தரித் தொட்டியோடு எதிர்வீட்டு டீச்சர். அவருக்குப் பின்னால் தக்காளித் தொட்டியோடு தையல்காரர். அவருக்கும் பின்னால், தெருவே ஒரு தோட்டமாக நின்றது.

"இவங்கள்லாம் எதுக்கு..." என்று அவர் திரும்புவதற்குள், உள்ளேயிருந்து மனைவியின் குரல் தேனாக வந்தது:

"தள்ளாதீங்க, வரிசையா வாங்க! எல்லாருக்கும் அடிச்சுட்டுத்தான் அவர் சாப்பிடுவார்!"