மீசை இல்லாம மலையேறுன திராட்சைப் பெட்டி

காலேஜ்ல ஒரு ப்ராஜெக்ட். யாராவது ஒருத்தர் போட்டோவப் பாத்து கம்ப்யூட்டர்ல வெக்டர் படம் வரையணும். அது நெசமாவே ஒரு வியாபாரத்துக்கு உதவணும். அம்புட்டுதான்.

எனக்கு ஆளு ரெடி. கம்பம் பக்கத்துல திராட்சைத் தோட்டம் வச்சிருக்க எங்க சித்தப்பா. கேரளாவுக்குப் போற அட்டைப்பெட்டியில தன் மூஞ்சி வரணும்னு அவுகளுக்கு ரொம்ப நாள் ஆசை.

"ஆத்தா, கண்ணு மூக்கு எப்படி வந்தாலும் சரி. மீசை மட்டும் கெத்தா வரணும்!"

வெக்டர்ல புள்ளி வச்சு, புள்ளிய இழுத்துக் கோட்ட வளைக்கணும். வகுப்புல மேடம் இழுத்தப்ப அழகா வளைஞ்சுச்சு. நான் இழுத்தேன். முதல் மீசை அணில் வாலு. அடுத்தது ரெண்டு பச்சமிளகா. சாயங்காலம் வரைக்கும் மல்லுக்கட்டி ஒருவழியா மீசையாக்குனேன்.

"ஒவ்வொண்ணையும் தனித்தனி லேயர்ல, கண்ணாடித்தாள் அடுக்குற மாதிரி வைங்க, திருத்த லேசா இருக்கும்"னு மேடம் சொல்லியிருந்தாக. வச்சேன். உதட்டத் திருத்துறதுக்காக மீசை லேயரக் கொஞ்ச நேரம் மறைச்சும் வச்சேன்.

மறைச்சத மறந்துட்டேன்.

படத்த அனுப்புனதும், அத பெட்டியில அச்சடிக்கிற அண்ணன் போன்ல கேட்டாரு. "ஒரு தடவ பாத்துக்கிறியாம்மா?"

"அதெல்லாம் பாத்தாச்சுண்ணே. அடிங்க!"

என்னா தெனாவெட்டு!

பெட்டி தோட்டத்துக்கே வந்து இறங்குச்சு. சித்தப்பா ஒண்ண எடுத்துப் பாத்தாக. தள்ளி வச்சுப் பாத்தாக.

"இது யாருத்தா?"

"நீங்கதான் சித்தப்பா."

அவுக கை தானா மீசைக்குப் போச்சு. இருக்கான்னு தடவிப் பாத்துக்கிட்டாக.

சித்தி எட்டிப் பாத்தாக. "அட, உங்களுக்கு மேல் உதடு இருக்கா! கல்யாணமாகி இன்னைக்குத்தான் பாக்குறேன்!"

வேற பெட்டி அடிக்க நேரமில்ல. பறிச்ச திராட்சை காத்திருக்குமா? வண்டிக்காரரு வேற ஹாரன் அடிக்கிறாரு. மீசையில்லாத சித்தப்பா குமுளி மலையேறிப் போயிட்டாக.

மறுநாள் அவுக வீட்டுல உக்காந்து, மன்னிச்சிருங்கன்னு கெஞ்சிக்கிட்டு இருந்தேன். கேரளா வியாபாரி போன் போட்டாரு. சித்தப்பா ஸ்பீக்கர்ல போட்டாக.

"அண்ணாச்சி! பெட்டியில படம் கண்டு. மீசை எடுத்திருக்கே... அச்சன் மரிச்சு போயோ? எங்கிட்ட ஒரு வாக்கு சொல்லலையே!"

அச்சன்னா அப்பா. அதாவது எங்க தாத்தா. அவுக எதுத்தாப்புல உக்காந்து தோசைக்கு இன்னுங் கொஞ்சம் சட்னி கேட்டுக்கிட்டு இருந்தாக.

"யாருப்பா போனது?"ன்னாக தாத்தா.

சித்தப்பா மெதுவா சொன்னாக. "நீங்கதானாம்."

தாத்தா போனை வாங்குனாக. "நான்தாம்ப்பா பேசுறேன். சாப்புட்டுக்கிட்டு இருக்கேன்."

அந்தப் பக்கம் டொக்குன்னு கட்டாயிருச்சு.

சித்தப்பா என்னையப் பாத்தாக. நான் தோசையப் பாத்தேன்.

"சித்தப்பா, அடுத்த பெட்டியில மீசைய..."

"அவன் மீசை கெடக்குது!"ன்னு தாத்தா குறுக்க வந்தாக. "எம்மூஞ்சியப் போடுத்தா. நான் உசுரோட இருக்கேன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

உடனே சரின்னுட்டேன். தாத்தாவுக்கு மீசை கிடையாது.