ஓசூரிலிருந்து சேலத்துக்கு வான்வழி

எட்டாவது தாண்டாதவன் நான். தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு மஞ்சள் பையோடு ஓசூர் வந்து, வாடகை லேத்தில் தொடங்கி, சொந்த ஷெட்டு, மாடி வீடு, கல்யாண வயதில் ஒரு பெண் என்று எல்லாவற்றையும் தனி ஆளாக உருவாக்கினேன். (பெண் விஷயத்தில் தனக்கும் பங்கு உண்டென்பது வீட்டுக்காரியின் வாதம்.)

அப்படிப்பட்டவன் பெண்ணின் நிச்சயத்துக்கு வேனில் போய் இறங்குவதா? சேலத்துச் சம்பந்தியிடம் போனிலேயே சொல்லிவிட்டேன்: "நான் ஃப்ளைட்ல வந்துடறேங்க. பெங்களூர்ல ஏறினா ஒரு மணி நேரங்கூட இல்ல."

அவர் அசந்துபோனார். (இருமினார் என்கிறார்கள் வீட்டில்.)

"ஏங்க, சேலம் தெக்க இருக்குது. ஏர்போர்ட்டு பெங்களூருக்கும் வடக்க இருக்குது. இதென்ன கணக்கு?" என்றாள் வீட்டுக்காரி.

"வேன்ல மூணு மணி நேரம். ஃப்ளைட்ல ஒரு மணி நேரம். எது கம்மி?"

மச்சான் முருகேசன் சும்மா இருப்பானா? "மாமா, ஏர்போர்ட்டு போய்ச் சேர்ற நேரம் யாரு கணக்குல வருது?"

"நீ பேசாம வேன்ல ஏறுடா."

பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். பெண் வீட்டுத் தட்டைப் பிடிக்க வேண்டியவன் தகப்பன், அதாவது நான்.

இருட்டோடு டாக்ஸி பிடித்தேன். பெங்களூரை முழுசாகத் தாண்டுவதற்குள் டிரைவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "சேலம் அந்தப் பக்கம் அல்லவா, ஸ்வாமி?"

"ரோட்டைப் பாருப்பா."

தாமதமாகக் கிளம்பிய விமானம் ஏறிய கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்குக் கீழே ஓர் ஏரி, பக்கத்தில் நீலத் தகரக் கூரை. என் ஷெட்டு! விடியுமுன் புறப்பட்டு, காலைப் பொழுதைத் தொலைத்து, புறப்பட்ட இடத்துக்கே வந்திருந்தேன்.

சேலத்தின் மேல் ஐப்பசி மேகம். இறங்க வழியில்லாமல் விமானம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் பெங்களூருக்கே திரும்புகிறோம் என்று அறிவித்தார்கள். விமானப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன்.

"அம்மா, சேலத்துல எனக்கு நிச்சயம்மா!"

அந்தப் பெண் என் நரைத்த தலையை ஒருமுறை பார்த்துவிட்டு, "வாழ்த்துகள் சார்" என்றது.

திரும்பும் வழியில் என் ஷெட்டை இன்னொரு தடவை பார்த்தேன். இறங்கியதும் போன் போட்டேன். முருகேசன் எடுத்தான்.

"மாமா, தட்டு மாத்தியாச்சு. நேரம் போவுது, நீயே பிடிடான்னு அக்கா சொல்லிச்சு. எங்க இருக்கீங்க?"

"பெங்களூர்ல."

"இன்னும் கெளம்பவே இல்லியா?"

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் எங்கே புறப்பட்டாலும், "நேராப் போறியா, மாமா ரூட்டா?" என்றுதான் கேட்கிறார்கள். சம்பந்தி வீட்டுக்கும் அது பரவிவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நிச்சய ஆல்பத்தில் தட்டோடு பல்லைக் காட்டிக்கொண்டு முருகேசன் நிற்கிறானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நன்றாக விசாரித்துவிட்டேன். தட்டு மாறிய அந்த நேரம் நான் சேலத்தைத்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். கீழே நின்று தட்டைப் பிடிக்க யாராலும் முடியும். ஆகாயத்திலிருந்து ஆசீர்வாதம் பண்ணியவன் நான் ஒருவன்தான். ஆகவே ஆல்பத்தின் அந்தப் பக்கத்தில் என் பெயரைப் போட்டாக வேண்டும். முருகேசன் பெயருக்கு மேலே.