முயல் பேசினுக்கு ஒரு சூப்பர்வைசர்

லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? டிரைவர் கியரைப் பின்னுக்குத் தள்ளிய அந்த விநாடியில், அதுவரை டீக்கடை பெஞ்சில் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த ஒருவர், கிளாஸைக் கீழே வைத்து, வேட்டியை மடித்துக் கட்டி, நடுரோட்டுக்கு வந்து, "வரலாம்... வரலாம்... லெஃப்ட்ல ஒடி... நல்லா ஒடி... ஸ்டாப்!" என்று கையை ஆட்டத் தொடங்குவார். லாரிக்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது. டிரைவர் அவரைப் பார்ப்பதும் கிடையாது. லாரி இடிக்காமல் நின்றுவிட்டால், நிறுத்தியது தான்தான் என்ற திருப்தியோடு போய் மிச்ச டீயைக் குடிப்பார். இடித்துவிட்டாலோ, "படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டாத்தானே" என்பார். இந்த இனத்துக்கு மேற்பார்வையாளர் என்று பெயர்.

கல்யாண வீட்டில் பிரியாணி தேக்சாவுக்குப் பத்தடி தள்ளி, புகை வராத பக்கமாக நிற்பவர் இவர்தான். போர்வெல் போடும் இடத்தில் குழாயை எட்டிப் பார்ப்பவர், கரண்ட் கம்பத்தில் ஏறியவனுக்குக் கீழேயிருந்து வழி சொல்பவர், ஊசி போடும் நர்ஸம்மாவிடம் "கொஞ்சம் மேல போடுங்க" என்பவர் எல்லாம் இவரே. இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் கோத்திருக்கும். அவை முன்னால் வந்தால் யாராவது ஏதாவது தூக்கச் சொல்லிவிடுவார்கள் என்று அவற்றுக்குத் தெரியும். "தள்ளு, நான் சொல்றேன்" என்பது இவருடைய தாரக மந்திரம். கவனியுங்கள், "நான் செய்றேன்" அல்ல.

திருச்சுழி தாலுகா வீரசோழனில் இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த மாதிரி ஒன்று உண்டு. பெயர் சின்ன மீரான். சவூதியில், தம்மாமில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, போன மாதம்தான் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். அங்கே அவருக்குக் கீழே நாற்பது பேர். இங்கே? மனைவி நூர் பீவி ஒருத்திதான். அவளோ, அவர் இல்லாத இருபத்திரண்டு வருஷத்தில் வீட்டைக் கட்டி, போர் போட்டு, மகள் பர்வீனைப் படிக்க வைத்து, கல்யாணம் முடித்துச் சென்னைக்கு அனுப்பி, அத்தனையையும் யாருடைய "வரலாம் வரலாம்" இல்லாமலும் செய்து பழகியவள். முதல் வாரம் மீரான் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். தண்ணீர் டேங்க் நிரம்பினால் மோட்டார் தானாக நின்றது. சிலிண்டர் போனிலேயே பதிவானது. பால்காரர் அவரைக் கேட்காமலேயே பாலை ஊற்றிவிட்டுப் போனார். பாவம், மனிதர் இளைத்துப் போனார்.

எட்டாம் நாள் கண்ணில் பட்டது முயல்.

வெள்ளை முயல். பெயர் சீனி. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பர்வீன் கல்யாணமாகிப் போகும்போது அம்மாவிடம் விட்டுப்போனது. வெறிச்சென்று கிடந்த வீட்டில் நூர் பீவிக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை அதுதான். மகள் நினைப்பு வந்தாலும் அதனிடம்தான் சொல்வாள், கணவர் மேல் கோபம் வந்தாலும் அதனிடம்தான் சொல்வாள். இரண்டாவது விஷயத்தில் சீனிக்கு நிறையத் தெரியும்.

வந்த புதிதில் சீனி வீடெல்லாம் புழுக்கை போட்டது. நூர் பீவி திட்டவில்லை, விரட்டவில்லை, நான்கு நாள் சும்மா பார்த்தாள். புழுக்கை எங்கே விழுந்தாலும், மூத்திரம் மட்டும் கிரைண்டருக்குப் பக்கத்து மூலையில்தான் என்று தெரிந்தது. கைப்பிடி உடைந்த நீலப் பேசின் ஒன்றை எடுத்து, முயல் ஏறுவதற்குத் தோதாக ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டி, அடியில் பழைய பேப்பர் விரித்து, மேலே கடலைத் தோலைப் பரப்பி, அடையாளத்துக்கு அதன் புழுக்கையிலேயே இரண்டைப் போட்டு, ஓரத்தில் காய்ந்த அருகம்புல் ஒரு கை வைத்து, அதே மூலையில் வைத்தாள். சீனி ஏறி உட்கார்ந்தது. புல்லைக் கொறித்துக்கொண்டே காரியத்தை முடித்தது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. அன்றிலிருந்து ஒரு குறையும் கிடையாது.

அதாவது, வேலை முடிந்துவிட்டது. முடிந்த வேலையைப் போல ஒரு மேற்பார்வையாளரை எரிச்சலூட்டுவது இந்த உலகத்தில் வேறொன்றும் இல்லை.

"என்னா நூரு இது? அடுப்படிப் பக்கத்துல கக்கூஸு?"

"அது அங்கதான் மச்சான் போகும். பழகிருச்சு."

"பழகிருச்சுன்னா? ஆரைக் கேட்டுப் பழகுச்சு?"

மீரான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். போனை எடுத்துத் திசை பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஏ நூரு! இது மேற்கால சொவரு. மொசலு நேரா நம்ம தொழுவுற கிப்லாவப் பாத்துல்ல உக்காருது! நம்ம கக்கூஸு கட்டுறப்ப தெசை பாத்துத்தானே கட்டச் சொன்னேன், போன்லயே?"

"அது மனுசனுக்குல்ல மச்சான். வாயில்லாச் சீவனுக்கு என்னத்துக்கு அந்தச் சட்டமெல்லாம்?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. தள்ளு, நான் சொல்றேன்."

தொடங்கிவிட்டது திட்டம். காலை பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குப் போய், மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை நாலு கடை ஏறி இறங்கி வாங்கி வந்தார். பெட்டியில் வாசல் வெட்டச் சொன்னார். வெட்டியது நூர் பீவி. மாடிப்படிக்குக் கீழே இடம் குறித்தார். கூட்டிப் பெருக்கியது நூர் பீவி. பெட்டி வடக்கும் தெற்குமாக இருக்கும்படி சாக்பீஸால் கோடு போட்டு, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை அதன் மேல் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை நூர் பீவியை இந்த மூலையைத் தூக்கு, அந்த மூலையை இறக்கு என்று ஆட்டி வைத்தார். கடலைத் தோல் குப்பை என்று தீர்ப்பாயிற்று. பக்கத்துத் தெருவில் புதுவீடு கட்டிக்கொண்டிருந்த இம்மானுவேலிடம் ஒரு சட்டி எம்-சாண்ட் வாங்கி, சலிக்கச் சொல்லி, உள்ளே கொட்டினார். இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் அவர் மணல் போடாமல் எதையுமே தொடங்கியதில்லை. நீலப் பேசின் மொட்டை மாடிக்குப் போயிற்று.

இனி முயல்தான் பாக்கி.

சீனியைத் தூக்கிப் பெட்டிக்குள் விட்டார்கள். அது ஒரு முறை முகர்ந்தது, தும்மியது, வெளியே குதித்தது. மறுபடி விட்டார்கள். மறுபடி குதித்தது. மீரான் பெட்டிக்கு இரண்டடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். காலையில் நின்றார். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து நின்றார். சாயங்காலம் அஸருக்குப் பிறகும் நின்றார். சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் தினசரி அறிக்கை போனது: "ஏழு பத்து, பெட்டியில் இறக்கப்பட்டது. ஏழு பதினொன்று, ஒத்துழைக்கவில்லை." உங்களையே கேட்கிறேன், ஒரு பெரிய மனிதர் தலைமாட்டில் நின்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு வருமா?

சீனி பழைய மூலைக்கு ஓடியது. அங்கே பேசின் இல்லை. வெறும் தரையில் பெய்துவிட்டு மீரானைப் பார்த்தது.

"இது திமிரு" என்றார் மீரான். "நீ செல்லங் குடுத்துக் கெடுத்து வச்சுருக்க. ஒரு வாரம் டைம் தாரேன். பழகலேன்னா, இம்மானுவேலு மச்சினன் மொசப் பண்ணை வச்சுருக்கான்ல, அங்க கொண்டுபோய் விட்ருவோம். அவன் பழக்கிருவான்."

முயல் பண்ணையில் முயலை எதற்கு வளர்க்கிறார்கள் என்று நூர் பீவிக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் தனியாக இருந்ததுகூட இவ்வளவு பயமாக இருந்ததில்லை.

ஒரு வாரம் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் காலையில் சீனி புல்லைத் தொடவில்லை. கீரை வைத்தாள், திரும்பிக்கொண்டது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஒரு புழுக்கைகூடப் போடவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. சோபாவுக்கு அடியில் முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. நூர் பீவி திருச்சுழியில் இருக்கும் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா ராஜேஸ்வரிக்குப் போன் போட்டாள்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். எம்-சாண்ட் என்றதும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

"அம்மா, மொசலு திங்காம, புழுக்கை போடாம இருந்துச்சுன்னா கொடலு அப்பிடியே நின்னுபோயிரும். உசுருக்கே ஆபத்து. மொதல்ல அந்த மணல எடுங்க. பழைய டப்பாவப் பழைய எடத்துலயே வச்சு, ஆளு யாரும் நிக்காமத் தனியா விடுங்க. ரெண்டு மணி நேரம் பாருங்க. அதுக்குள்ள திங்க ஆரம்பிக்கலேன்னா ஒடனே தூக்கிட்டு வந்துருங்க."

நூர் பீவி வந்து சொன்னாள். மீரான் தலையாட்டினார். டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான், சந்தேகமே இல்லை.

"சரி, பழைய டப்பாவையே வையி. நான் கூட நின்னு பாத்துக்கிறேன்."

"தனியா விடணும்னு சொன்னாக மச்சான்."

"தனியாத்தானே இருக்கப்போகுது? நான் சத்தங் காட்டாம நிப்பேன்."

"மச்சான், நீங்க நிக்கிறதுதான் அதுக்குச் சீக்கே."

"நான் நிக்கலேன்னா அது சரியாப் போகுதா இல்லையான்னு ஆரு பாக்குறது?"

இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவளுக்குத் தெரியாதா? அடுப்படிக்குள் போய், குரலைத் தாழ்த்தி, இம்மானுவேலுக்குப் போன் அடித்தாள்.

"தம்பி, ஒங்க வீட்டுல இன்னைக்கு என்னமும் வேல நடக்குதா?"

"டைல்ஸ் லோடு வந்துருக்குக்கா. முக்குல லாரி நிக்குது."

"ரிவர்சு எடுக்கணுமா?"

இம்மானுவேல் விவரமான ஆள். எம்-சாண்ட் கேட்டு வந்த நாளிலேயே மீரானிடம் பட்டிருக்கிறார்.

"எம்புட்டு நேரம்க்கா வச்சுக்கணும்?"

"ரெண்டு மணி நேரம், தம்பி. ஒரு உசுரு விசயம்."

"அனுப்பி வைங்க" என்றார், தேர் வரும் வழியில் படுக்கப் போகிறவரைப் போல.

அரை நிமிஷத்தில் மீரானின் போன் மணியடித்தது. "பாய், லாரி சந்துக்குள்ள திரும்ப மாட்டேங்குது, நீங்க வந்து கொஞ்சம் சொன்னீகன்னா..." மீதியைக் கேட்க மீரான் அங்கே இல்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடுவதை நூர் பீவி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். போன மாதம் ஊர் திரும்பியதிலிருந்து அந்த முகத்தில் இவ்வளவு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. ஒரு கணம் அவர் மேல் இரக்கமாகக்கூட இருந்தது.

பிறகு மாடிக்கு ஓடினாள். பேசினைக் கழுவித் துடைத்து, பேப்பர் விரித்து, கடலைத் தோலைப் பரப்பி, புல் வைத்து, கிரைண்டர் மூலையில், மேற்குச் சுவரை ஒட்டியே வைத்தாள். சீனியை எடுத்துப் பக்கத்தில் விட்டுவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் உரித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அரை மணி போயிற்று. ஒரு மணி போயிற்று. உரிக்க வெங்காயம் தீர்ந்துபோய், பூண்டை எடுத்தாள். தூரத்திலிருந்து "ஸ்டாப்! ஸ்டாப்!" என்று மீரானின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த லாரி எத்தனை முறைதான் நிற்கும்?

ஒன்றரை மணி நேரம் ஆகப்போகும்போது, முதுகுக்குப் பின்னால் புல் நறநறவென்று நொறுங்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, பேப்பரில் பொடிப்பொடியாக ஏதோ உதிரும் சத்தம். நூர் பீவி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். முயல் புழுக்கைக்காக ஒரு மனுஷி அழுவாளா என்று கேட்காதீர்கள். அழுதாள்.

மீரான் சட்டையெல்லாம் புழுதியாக, பத்து வயது குறைந்து திரும்பினார். "நான் மட்டும் போகலேன்னா லாரி சொவத்துல ஏறிருக்கும் நூரு!" நேராக அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்த்தார். நீலப் பேசினுக்குள் சீனி உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது. கீழே புழுக்கை குவிந்திருந்தது. அவர் பேசினைப் பார்த்தார், முயலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். உண்மை மூன்றடி தூரத்தில் கிடந்தது.

"பாத்தியா?" என்றார். "மூணு நாளு வெயிலுன்னு பாக்காம, மழையின்னு பாக்காம நின்னு டிரெய்னிங் குடுத்தேன்ல? இப்ப புடிச்சுக்கிருச்சு பாரு."

வீட்டுக்குள் எங்கே வந்தது வெயிலும் மழையும்? நூர் பீவி கேட்கவில்லை. "ஆமா மச்சான்" என்றாள். அவர் குரூப்பில் வெற்றிச் செய்தி போட உட்கார்ந்ததும், இம்மானுவேலுக்கு மறுபடி போன் செய்தாள்.

"தம்பி, வீட்டு வேல முடிய இன்னும் எம்புட்டு நாளாகும்?"

"எங்கக்கா, இன்னும் எட்டு மாசம் இழுக்கும் போலருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் நூர் பீவி.

கதை முடிந்தது. நீங்கள் சிரித்திருப்பீர்கள். நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நூர் பீவி பேசினில் கடலைத் தோலைப் பரப்பினாளே, அந்த இடத்தில், "கடலைத் தோலா? வைக்கோல் போட்டிருக்கலாமே" என்று உங்களுக்குள் ஒரு குரல் எழுந்ததா? பேசின் கொஞ்சம் சின்னதோ என்று தோன்றியதா? இதுவரை ஒரு முயலைக்கூடத் தொட்டுப் பார்க்காத நீங்கள், அவளை ஓரமாகத் தள்ளி நிற்கச் சொல்லி வழி சொல்லத் தயாரானீர்களா? இல்லவே இல்லை என்கிறீர்கள். சரி, நம்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் ஏதோ வேலையாக இருந்தபோது, உங்களை மட்டும் அவசரமாக உப்பு வாங்கக் கடைக்கு அனுப்பினார்களே, திரும்பி வந்ததும் அடுப்படியில் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தீர்களா?